இரண்டு ஹானாக்களும் ஒரு சோடிச் சப்பாத்தும்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டறிந்து என்னைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் நானே சிரித்துவிட்டால், மிச்சம் மீதி மரியாதையாவது தப்பும். அறுபது வருடத்துக்கும் மேலாகத் தன் பெரியப்பா மகளைத் தேடிக்கொண்டிருந்த ஒரு பெண்மணிக்கு, "தாங்கள் தேடும் நபர் தாங்களே" என்று உத்தியோகபூர்வமாகக் கடிதம் எழுதி, முத்திரை குத்தி, தபாலில் சேர்த்தவன் நான். காய்ச்சலில் எழுதவில்லை. அவசரத்தில் எழுதவில்லை. நன்றாக நித்திரை கொண்டு எழும்பி, கோப்பி குடித்துவிட்டு, காலை பத்து மணிக்கு நிதானமாக எழுதினேன்.

கொலோனில் உள்ள நமது காப்பகத்தின் தேடற்பிரிவில் இந்த வருடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று தமிழ்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்றவர்கள் செய்வதுபோல நானும் போன மாதம் ஒரு கேக்கைத் தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்கு வந்தேன். அப்போது கார்ல்ஸ்ரூஹேயில் கணினி படித்துவிட்டு வந்த நித்யா, கேக்கை வாயில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "அங்கிள், ஒரே பேர்ல ரெண்டு மூணு கார்டு இருக்கிறதெல்லாம் டூப்ளிகேட்தானே? ஒரு ஸ்கிரிப்ட் எழுதினா ஒரே வீக்கெண்ட்ல எல்லாம் க்ளீன் ஆயிடும்."

நான் "நல்லது பிள்ளை" என்றேன். கேக் நல்ல கேக். அந்த நேரத்தில் அதைக் கெடுக்க மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தபோதுதான் உறைத்தது: நித்யா ஒரு வார இறுதியில் செய்யப்போவதைத்தான் நான் ஒரு முத்திரையால் பல வருடமாகச் செய்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் மாடியில், ஜன்னலோரம், ஒரு சிறுவர் இல்லத்தின் பெட்டிகள் இருக்கின்றன அல்லவா? பார்த்திருப்பீர்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் ஆஹென் பக்கத்தில் ஒரு பழைய மாளிகையில் நடந்த இல்லம் அது. பெற்றோரை இழந்த யூதக் குழந்தைகளை அங்கே வைத்துப் பராமரித்தார்கள். நாட்டில் அப்போது பாண் ரொட்டிக்கே வரிசை. அந்த இல்லத்தை எழுந்து நிற்க வைத்தது கடலுக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் ஒரு துறைமுக நகரத்தில் இருந்த யூதப் பெண்கள் சபை. பால்மா, பல்துலக்கி, வெள்ளிக்கிழமை மாலையில் ஏற்ற மெழுகுதிரி, வாயில் வைத்து ஊதும் ஆர்மோனிக்கா, பின்னல் தொப்பி. நல்ல மனசு, ஆனால் காலநிலை பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும். கம்பளித் தொப்பிகள் எல்லாம் ஆனி ஆடியில்தான் வந்து சேர்ந்தன. இல்லத்தின் மேற்பார்வையாளர் அம்மா ஒவ்வொரு முறையும் "மிக்க நன்றி, குழந்தைகள் அணிந்துகொண்டிருக்கிறார்கள்" என்று பதில் எழுதியிருக்கிறார். அந்தக் கடிதங்களைப் படித்தபோதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அந்தக் குழந்தைகளின் அட்டைகள் லேசான விஷயமல்ல. ஒரே குழந்தைக்கு இரண்டு பிறந்த தேதி இருக்கும். நாஜி முகாமில் வயதைக் கூட்டிச் சொன்னவன் பிழைத்தான்; விடுதலைக்குப் பிறகு வயதைக் குறைத்துச் சொன்னவளுக்குப் பால் கிடைத்தது, கப்பலில் இடமும் கிடைத்தது. அதனால் ஒரு பிள்ளைக்கு இரண்டு அட்டை, மூன்று அட்டை. எது யாருடையது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. இரண்டும் ஒரே ஆள் என்று தெரிந்தால் அட்டைகளைச் சேர்த்துக் கட்டி, மேலே "ஒருவரே" என்று பொருள்படும் ஒரு ஜெர்மன் முத்திரையைக் குத்துவோம்.

இந்த வேலையில் நான் ஒரு புலி என்று காப்பகத்தில் பெயர். காரணம், எனக்கே இரண்டு பிறந்தநாள். எண்பதுகளில் இங்கே வந்து இறங்கியபோது, கூட வந்தவர்கள் சொன்ன புத்தியைக் கேட்டு, வயதில் இரண்டைக் குறைத்துச் சொன்னேன். அதனால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை, ஓய்வூதியத்துக்கு இரண்டு வருடம் கூடுதலாக வேலை செய்தது. ஆனாலும் ஓர் அகதி தன் வயதை எங்கே வளைப்பான், ஏன் வளைப்பான் என்று எனக்கு மூக்கிலேயே மணக்கும். காப்பகத்தில் நிலம் துடைக்கும் ஆளாக நுழைந்த என்னை அட்டைகளுக்கு முன் உட்கார வைத்ததே அந்த மூக்குத்தான்.

முத்திரையைப் பற்றியும் சொல்லவேண்டும். பத்து வருடம் என் அகதிக் கடதாசிகளில் மற்றவர்கள் முத்திரை குத்தினார்கள். நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தக் கை எழும்புமா, எழும்பினால் எந்தப் பெட்டிக்குள் விழும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படிப்பட்டவன் கையில் ஒரு நாள் மரப்பிடி போட்ட முத்திரையைத் தந்தால் என்ன நடக்கும்? குத்தத்தான் செய்வான். அந்தச் சத்தம் இருக்கிறதே, அதற்கு நான் அடிமை. மெய்யாகச் சொல்கிறேன், சில அட்டைகளைச் சத்தத்துக்காகவே சேர்த்திருப்பேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஹானா அம்மாவின் கடிதம் மான்செஸ்டரிலிருந்து வந்தது. கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தைந்து. எழுத்து, கரும்பலகை எழுத்து. ஒரு வளைவுகூட வீணில்லை. தானும் தன் பெரியப்பா மகளும் அந்த இல்லத்தில் ஏழு மாதம் ஒரே கட்டிலில் படுத்ததாகவும், தனக்கு அம்மை வந்து தனி அறையில் இருந்த வாரத்தில் அவளை ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டதாகவும் எழுதியிருந்தார். எங்கே என்று கேட்டதற்கு ஒருவர் கனடா என்றாராம், ஒருவர் பாலஸ்தீனம் என்றாராம். எழுதாத அலுவலகம் இல்லை. கடைசியாக ஒரு வரி: "அவள் பெயரும் ஹானாதான். குடும்பப் பெயரும் என்னுடையதே."

அட்டைகளை எடுத்தேன். ஒரே பெயர். ஒரே குடும்பப் பெயர். ஒரே நாளில் இல்லத்துக்கு வந்திருக்கிறார்கள். பிறந்த தேதியில் மட்டும் இரண்டு வருட வித்தியாசம். ஓர் அட்டையில் "இங்கிலாந்துக்குப் போனாள்" என்று இருக்கிறது. மற்றதில் போனதாகப் பதிவே இல்லை. என் மூக்கு விரிந்தது. இரண்டு வருடம்! என்னுடைய அதே இரண்டு வருடம்! போதாக்குறைக்கு, கடல் கடந்த பெண்கள் சபை பிள்ளைகளின் காலுக்கு அனுப்பிய சப்பாத்துகளின் பட்டியலையும் பார்த்தேன். ஹானா என்ற பெயருக்கு நேரே ஒரேயொரு சோடிதான். அனுப்பினவர்களே ஒருத்திக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள். இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

குத்தினேன். நல்ல சத்தம்.

பிறகு கடிதம். அதில் ஒரு வசனம் எழுதினேன். எழுதிவிட்டு என் தோளை நானே தட்டிக்கொண்டேன். "துயரமான சூழலில் வளரும் குழந்தைகள் தங்களுக்குத் துணையாக ஒருவரை மனதில் உருவாக்கிக்கொள்வது இயல்பே." இதை நான் எழுதியது ஒரு கணக்கு ரீச்சருக்கு. எங்கள் பிரிவின் தலைவி, என்னைவிடப் பத்து வயது இளையவர், என் மூக்கின் மேல் வைத்த நம்பிக்கையில் ஒப்பமிட்டார்.

அன்று வீட்டில் அந்த வசனத்தை என் மனைவிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"இஞ்சேருங்கோ, ஒரே பேர் எண்டா ஒரே ஆளோ?"

"பேர் மட்டுமில்லையப்பா. எல்லாம் பொருந்துது. உமக்கு உது விளங்காது."

"ஓம், எனக்கு விளங்காதுதான். அப்ப உங்கட பெரிய வைத்தியும் சின்ன வைத்தியும் ஒராளோ?"

பெரிய வைத்தி என் பெரியப்பாவின் மகன். சின்ன வைத்தி என் சித்தப்பாவின் மகன். இரண்டு பேருக்கும் எங்கள் அப்பாவின் தகப்பனுடைய பெயர். ஒருவன் கொழும்பில் கடை வைத்திருக்கிறான், மற்றவன் கொலோனிலேயே, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ட்ராம் நிறுத்தம் தள்ளி இருக்கிறான். சின்னவனோடு வாரத்தில் மூன்று நாள் கதைக்கிறேன்.

"அது எங்கட ஆக்கள்" என்றேன். "அவையளின்ரை வழக்கம் வேறை."

"உங்களுக்குத் தெரியுமோ அவையளின்ரை வழக்கம்?"

தெரியாது. அட்டைகளோடு பதினெட்டு வருடம் இருந்திருக்கிறேன். அந்தக் குழந்தைகளுக்கு யார், எப்படிப் பெயர் வைத்தார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கடிதம் அதற்குள் தபாலில் போய்விட்டது.

இந்த இடத்தில்தான், பிள்ளைகளே, நீங்கள் என்னைப் பார்த்துக் கற்கவேண்டும். நான் செய்ததைச் செய்யாமல். அடுத்த நாள் காலை தலைவியிடம் போய், "எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, கடிதத்தைத் திரும்பப் பெறுவோம்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று வாரம் சொல்லவில்லை. மேசையில் முத்திரையைப் பார்ப்பேன். முத்திரை என்னைப் பார்க்கும். போய்ச் சொன்னால் அதைத் திரும்ப வாங்கிவிடுவார்கள் என்ற பயம். வேறொன்றும் இல்லை. ஒரு மரப்பிடிக்காக ஒரு மனுஷியை அவளுக்கே பைத்தியமாகத் தோன்றும்படி வைத்திருந்தேன்.

மூன்றாவது வார வெள்ளிக்கிழமை, கார்த்திகை மாதம், காலை ஒன்பது மணிக்கு வரவேற்பிலிருந்து தொலைபேசி வந்தது. "ஒரு வயதான பெண் வந்திருக்கிறார். டெர்மின் இல்லை." ஜெர்மனியில் முன்பதிவு இல்லாமல் ஓர் அலுவலகத்துக்குள் நுழைகிறவர், ஒன்றில் ஒன்றும் தெரியாதவராக இருப்பார், அல்லது எதற்கும் பயப்படாதவராக இருப்பார். கீழே போய்ப் பார்த்தேன். இரண்டாவது ரகம்.

சின்ன உருவம். பெரிய கைப்பை. அவரும், பிறகு வந்த தலைவியும் பேசியது ஜெர்மன்தான். ஆனால் எனக்கு யார் எந்த மொழியில் ஏசினாலும் காதுக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். அப்படியே தருகிறேன்.

என் கடிதத்தை மேசையில் விரித்து வைத்தார். "இதை எழுதினது ஆர்?"

அந்தக் கணத்தில் எத்தனை வாசல்கள் இருந்தன தெரியுமா? "பிரிவு எழுதியது" என்று சொல்லலாம். "நான் மொழிபெயர்ப்பாளன்" என்று சொல்லலாம். கையில் மிச்சமிருந்த ஒரேயொரு துணிச்சலை எடுத்து, "நான்தான் அம்மா" என்றேன்.

என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ஏழு மாசம் ஒரே கட்டில்ல என்ரை முதுகில உதைச்சவள் ஆர் எண்டு நினைக்கிறியள்? நானோ? எனக்கு அவ்வளவு நீட்டுக் கால் இருந்ததோ?"

பெல்ஜியத்தில், அன்ட்வெர்ப்பில் ஒரு கலியாணத்துக்கு வந்தவர், என்னைப் பார்ப்பதற்கென்றே காலை முதல் ரயிலில் ஏறியிருக்கிறார். பன்னிரண்டரை ரயிலில் திரும்பவேண்டும். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் யூதர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதன் பிறகு வண்டி ஏறமாட்டார். திங்கள் மான்செஸ்டர். "இன்னொரு தரம் வர எனக்கு வயசு காணாது" என்றார். சோகமாகச் சொல்லவில்லை, ஒரு கணக்கின் விடையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

தலைவி வந்தார். அனுப்பிய பதிலை மாற்றுவதென்றால் முறைப்படி அன்ட்ராக் எழுதவேண்டும், அந்த விண்ணப்பம் மேலே போய்க் கீழே வர ஆறு வாரமாகும் என்று மெதுவாக விளக்கத் தொடங்கினார். அவர் பிழையில்லை. அவர் பார்த்தது என் அறிக்கையை. அதில் சந்தேகம் என்று ஒரு புள்ளிகூட இல்லை.

"எனக்குச் சந்தேகம் இருந்தது" என்றேன். "மூன்று கிழமையா இருந்தது. சொல்லேல்லை." பிறகு பெரிய வைத்தி, சின்ன வைத்தி கதையையும் சொன்னேன். அலுவலகத்தில் என் மானம் போன வேகத்துக்கு அந்தக் கதை வெகு நீளம்.

தலைவி கையை நீட்டினார். நான் மேலே போய் முத்திரையை எடுத்துவந்து அந்தக் கையில் வைத்தேன். அதைத் தன் மேற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். "அன்ட்ராக்கை நான் பிறகு எழுதிறன். இப்ப ஒன்பதே கால்."

பிறகு அவர் ஹானா அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் பதினெட்டு வருடமாகக் கேட்காத கேள்வி. "உங்கட வீட்டில ஏன் ரெண்டு ஹானா?"

"எங்கட அப்பாவின்ரை தாயின்ரை பேர். உயிரோட இருக்கிறவையின்ரை பேரை நாங்கள் பிள்ளையளுக்கு வைக்கிறேல்லை. செத்தவையின்ரை பேரைத்தான் வைப்பம். அவ செத்தாப் பிறகு அவவின்ரை ரெண்டு மகன்மாருக்கும் பெட்டைப் பிள்ளை பிறந்தது. ரெண்டு பேருக்கும் தாய் வேணும். ஆர் விட்டுக் குடுப்பினம்?"

நான் தரையைப் பார்த்தேன். தரை நன்றாகத் துடைக்கப்பட்டிருந்தது. அந்த வேலையிலேயே நான் இருந்திருக்கலாம்.

ஆனால் பெயர்க் கதை போதாது, கடதாசி வேண்டும். மற்ற ஹானா போன இடத்தைச் சொல்லும் கடதாசி. தலைவி கேட்டார்: "பேரை விடுங்கோ. நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து பாவிச்ச ஏதாவது ஒரு சாமான்?"

ஹானா அம்மா யோசிக்கவே இல்லை. "சப்பாத்து."

கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள், சப்பாத்து அனுப்புவதற்காகக் குழந்தைகளின் கால் அளவு கேட்டிருக்கிறார்கள். இல்லத்தில் அளவுக்கோல் இல்லை. அதனால் மேற்பார்வையாளர் அம்மா ஒவ்வொரு பிள்ளையையும் கடதாசியின் மேல் நிறுத்தி, காலைச் சுற்றிப் பென்சிலால் கோடு கீறியிருக்கிறார். "அவளுக்குக் கிச்சுகிச்சு. சிரிச்சுச் சிரிச்சு காலை இழுத்துப்போட்டாள். கோடு கோணல். மேற்பார்வையாளர் அம்மா ஏசினவ. பிறகு பார்த்தா, ஒரு சோடிதான் வந்தது. எங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சோடி."

"ஏன்?"

"அதைத்தான் நானும் ஒன்பது வயசில இருந்து கேட்கிறன். அவளின்ரை அளவு. எனக்குப் பெரிசு, பேப்பர் அடைஞ்சு போட்டனான். ஒரு நாள் அவள், ஒரு நாள் நான். போடாத நாள் வெளியில போகேலாது. கட்டில்ல இருந்து கணக்குச் செய்வன். என்னைக் கணக்கு ரீச்சராக்கினது அந்தச் சபைதான்."

கால் அளவுகள். பென்சில் கோடுகள். எனக்குக் காது சூடாகியது. ஏனென்றால் அந்த இல்லத்தின் பெட்டிகளை வகைப்படுத்தியவனும் நானே. பதினோராவது பெட்டியில் ஒரு கட்டுக் கடதாசி. ஒவ்வொன்றிலும் நீளமாக, ஒரு பக்கம் பருத்து, ஒரு உருவம். நான் அதற்கு எழுதிய தலைப்பு இன்னும் பட்டியலில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அழிக்கவேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். "சிறுவர் ஓவியங்கள். காய்கறிகள். கத்தரிக்காயாக இருக்கலாம்."

மூன்று பேரும் மூன்றாம் மாடிக்குப் போனோம். பெட்டியைத் திறந்ததும் ஹானா அம்மா என் தலைப்பைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் படித்தார். "கத்தரிக்காய்" என்றார். அவ்வளவுதான். அதை இரண்டு தரம் சொல்லியிருந்தால் நான் ஜன்னலால் குதித்திருப்பேன்.

ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் பெயர் சின்னதாக எழுதியிருந்தது. நான் முன்பக்கத்தை மட்டும் பார்த்தவன். எங்கள் காப்பகத்தில் வேகமாகப் புரட்டக்கூடாது, தாள் கிழியும். ஒவ்வொன்றாக, இரண்டு கையாலும், திருப்பவேண்டும். பத்து மணி. பத்தரை. அத்தனை சின்னக் கால்கள். சிலதில் பெருவிரலுக்குப் பக்கத்தில் பென்சில் நின்று சுற்றி, ஒரு பொம்மை முகம் கீறியிருந்தது. தலைவி ஒரு தாளில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தொடர்ந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொன்று பத்து. என் கை தானாகவே வேகம் பிடித்தது. "ஆறுதலா, மெள்ள" என்றார் ஹானா அம்மா. "பிழையா எண்ணினா முதல்ல இருந்து எண்ணவேணும்."

பதினொன்று முப்பத்தைந்துக்கு வந்தது. ஒரு சின்னக் கால், கோடு நேராக. அதன் பின்னால் ஹானா. அடுத்த தாள், பெரிய கால். குதிக்குப் பக்கத்தில் கோடு சறுக்கிப் போய், திரும்ப வந்து, மறுபடி சறுக்கியிருந்தது. அறுபது வருடத்துக்கு முந்திய ஒரு சிரிப்பு, பென்சிலில். பின்னால் ஹானா. இரண்டு தாளிலும் ஒரே நாள் தேதி. ஒருத்தி வயதை இரண்டு வருடம் மாற்றிச் சொல்லலாம். ஒரே நாளில் இரண்டு அளவுக் கால் வைத்திருக்க முடியாது.

ஹானா அம்மா கோணல் தாளின் மேல் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. நாங்கள் இருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அந்த இரண்டு தாளோடு ஒரு குண்டூசியில் இரண்டு கடிதம். ஒன்று சபையிலிருந்து: கால் அளவுத் தாள்களைத் திருப்பி அனுப்புகிறோம்; உங்கள் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை வந்திருக்கிறது, தட்டச்சுப் பிழை என்று கருதி ஒன்றை வெட்டிவிட்டோம். அதைத் தலைவி வாசித்து முடித்ததும், "உங்களுக்கு முதலே ஒரு ஆள் செய்திருக்குது" என்றார் என்னிடம். எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. கடல் கடந்தும் என் சாதி மடையர்கள் இருந்திருக்கிறார்கள்.

மற்றது மேற்பார்வையாளர் அம்மா எழுதிய பதில். இரண்டு பேர்தான், நம்பாவிட்டால் கால்களைப் பாருங்கள், இத்துடன் மறுபடி அனுப்புகிறேன்; இரண்டாவது சோடியைத் தயவுசெய்து விரைவாக அனுப்பவும், ஏனென்றால் மூத்தவளை அவளுடைய தாய்மாமன் மெல்பேர்னுக்கு அழைத்துப்போக இருக்கிறார். தாய்மாமனின் பெயரும் இருந்தது. ஆனால் பதிலும் தாள்களும் இங்கேயே இருக்கின்றன. அனுப்பவேண்டியதை யாரோ பெட்டிக்குள் வைத்து மறந்திருக்கிறார்கள். யாரோ என்னைப்போல ஒருவர்.

"மெல்பேர்ன்" என்றார் ஹானா அம்மா. "கனடாவுமில்லை, பாலஸ்தீனமுமில்லை." கைப்பையைத் திறந்து ஒரு சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

பன்னிரண்டு. தலைவியும் நானும் அவரை இரண்டு பக்கமும் பிடிக்கப் போனோம். அவர் கையை விடுவித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ரயில் நிலையத்துக்கு நடந்தார். ரயில் கதவு மூட இரண்டு நிமிடம் இருக்கும்போது ஏறினார். ஜன்னலுக்குள்ளிருந்து என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். மன்னித்தாரா எச்சரித்தாரா என்று இன்றுவரை தெரியாது.

தாய்மாமனின் பெயரைப் பிடித்துக்கொண்டு மெல்பேர்னில் உள்ளவர்களுக்கு எழுதினோம். இந்த முறை நான் வரைவு எழுதினேன், தலைவி ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். ஐந்து வாரத்தில் பதில் வந்தது. மூத்த ஹானா இருக்கிறார். கலியாணம் முடித்து வேறு குடும்பப் பெயர். அவரும் தேடியிருக்கிறார், அவருக்கும் எல்லா அலுவலகங்களும் "அப்படி ஒருவரே இருக்கிறார், அது தாங்களே" என்ற ரகத்தில்தான் பதில் எழுதியிருக்கின்றன. அந்தப் பதில்களில் எங்களுடையது இல்லை என்று உறுதி செய்யும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் தொலைபேசி உரையாடலைத் தலைவிதான் ஏற்பாடு செய்தார். பிறகு எனக்குச் சொன்னார்: "அழுவினம் எண்டு நினைச்சன். முதல் பத்து நிமிஷம் சண்டை. அந்தச் சப்பாத்தை ஆர் கூட நாள் போட்டது எண்டு."

நான் வீட்டில் சொன்னபோது என் மனைவி, "அப்ப ரெண்டு வைத்தியும் ரெண்டு ஆள்தான்" என்றாள். வெற்றி பெற்றவர்களுக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியும்.

முத்திரை எனக்குத் திரும்பக் கிடைத்தது, எட்டு மாதம் கழித்து. ஒரு நிபந்தனை: இரண்டு அட்டையைச் சேர்க்கமுன் இன்னொருவர் பார்க்கவேண்டும், அந்த இன்னொருவர் வாயில் "ஏன்?" என்ற சொல் இருக்கவேண்டும். நித்யா, உன் ஸ்கிரிப்டைத் தாராளமாக எழுது. சந்தேகமானதைக் காட்டித் தரட்டும், நல்லது. ஆனால் அதற்குக் குத்துகிற கையை மட்டும் கொடுத்துவிடாதே. சேர்த்ததைப் பிரிப்பதற்கு ஒரு ஹானா அம்மா உயிரோடு ரயில் ஏறி வரவேண்டியிருந்தது. எல்லாருக்கும் அவ்வளவு ஆயுளும் இல்லை, அவ்வளவு கோபமும் இல்லை.

பழைய கடிதத்தை ரத்துச் செய்யும் புதிய கடிதத்தை ஹானா அம்மாவுக்கு அனுப்பியபோது, கூடவே நான் சொந்தக் கையால் நாலு பக்கம் எழுதினேன். மன்னிப்பு, மறுபடி மன்னிப்பு, வைத்திமார், மூன்று வாரம், மரப்பிடி, கத்தரிக்காய், எல்லாம். அந்த வசனத்துக்கு, அதுதான் குழந்தைகள் மனதில் துணையை உருவாக்கிக்கொள்ளும் வசனத்துக்கு, தனியாக ஒரு பந்தி. கடைசியில், எங்கள் காப்பகத்தால் தங்களுக்கு இனி ஆகவேண்டியது ஏதும் இருந்தால் தயங்காமல் தெரிவிக்கவும் என்று முடித்தேன். நல்ல முடிவு என்று மறுபடியும் என் தோளைத் தட்டிக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் மான்செஸ்டரிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. கரும்பலகை எழுத்து, ஒரே வரி:

"இரண்டாவது சோடி இன்னும் வந்து சேரவில்லை."